ஐம்பது ஓம்

மின்வழங்கல் விதிப்படி வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. எங்களுக்கு அறிவித்தது 230 வோல்ட். அப்படியென்றால் 216-க்குக் கீழே போகக் கூடாது. சங்கரன்கோவிலில், எங்கள் தெருவில், தறிகள் எல்லாம் ஓடும் பிற்பகலில் அது 170-இல் கிடந்தது.

நான் இயற்பியல் பட்டதாரி. தாலுகா அலுவலகத்தில் முப்பது சொச்சம் வருஷம் மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவன். யாரும் குறை சொல்ல முடியாத மனுவை என்னால் எழுத முடியும் என்று நம்பினேன்.

வீட்டு வாட்டர் ஹீட்டரை அளந்தேன். காலையில் 230 வோல்ட், 4.6 ஆம்பியர். வகுத்தால் மின்தடை ஐம்பது ஓம். பெருக்கினால் திறன் 1058 வாட். பிற்பகலில் 170 வோல்ட். அதே ஐம்பது ஓம் 3.4 ஆம்பியர்தான் இழுத்தது. திறன் 578 வாட். இதை அட்டவணையாக்கி, இணைப்பு எண் போட்டு, மனுவோடு சேர்த்து மின் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன்.

அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு விசைத்தறி. ஆடித்தபசுத் திருவிழாவுக்குள், தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்துச் சேலைகளைத் தராவிட்டால் இனி பாவு கிடையாது என்று நூல் கொடுப்பவர் சொல்லியிருந்தார். ஒரு பிற்பகல் வேர்வையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மோட்டார்ல கை வைக்க முடியல. கரண்டு ஏறுத வரைக்கும் நிப்பாட்டிப் போடலாம்னு பாக்கேன்."

அட்டவணையைக் காட்டினேன். "வோல்ட் குறைஞ்சா ஆம்பியரும் குறையும் வே. குறைஞ்சா எப்படி எரியும்? பயப்படாம ஓட்டும்."

"படிச்சவிய சொல்லுதிய. ஓட்டுதேன்."

மூன்றாம் நாள் புகை வந்தது. மோட்டாரை, காயில் என்கிற கம்பிச் சுருளைக் கட்டித் தருகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து, கருகிய கம்பியை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஹீட்டர் சும்மா கெடக்க கம்பி, அண்ணாச்சி. கொடுத்ததை வாங்கிக்கிடும். மோட்டார் தறியைச் சுத்தியாகணும்லா? வோல்ட் குறையக் குறைய ஆம்ஸைக் கூட்டித்தான் இழுக்கும். எந்தக் காலேஜ்ல படிச்சிய?"

சுழலும் மோட்டார் வெறும் மின்தடை அல்ல என்பது நான் படித்த பாடப் புத்தகத்திலேயே இருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அவரிடம் ஏற்கெனவே நாலு மோட்டார்கள் காத்திருந்தன, எல்லாம் எங்கள் தெருவுடையவை. நாங்கள் கொடுத்தது திரும்பி வருவதற்குள் தபசு முடிந்துவிட்டது. நூல் கொடுப்பவர் ஆள் அனுப்பி, பாதி நெய்த பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் மனு எழுதியிருப்பேன். வாசலில் பார்க்கும்போது, "சாப்பிட்டியளா" என்று மட்டும் கேட்பார், தரையைப் பார்த்து.

பிறகு அவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றியபோது ஒரு பக்கம் நானும் பிடித்தேன். தபால்காரர் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் மின் அலுவலகத்தின் பதிலோடு என்னிடம் வர வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு அளந்து பார்த்ததில் தங்கள் தெருவில் மின்னழுத்தம் 228 வோல்ட் இருந்தது, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். தறிகள் ஓடத் தொடங்குவது எட்டு மணிக்கு. மனு எண் சரி, பார்வை எண் சரி, முத்திரை சரி. உறையின் மேல் வந்த தேதியைப் பழக்கத்தில் குறித்தேன்: ஆவணி மூன்று.