ஐஸ் கம்பெனிச் சந்தில் உட்கார்ந்தவள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால், என் மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது படித்தால் என்னைச் சும்மா விட மாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும். எனக்கு வாய் நீளம் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது.

மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெருவுக்கு வர ஒரே ஒரு சந்துதான். சந்தின் நடுவில் மூடிப்போன ஐஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்து ஷெட்டில் மதியத்துக்கு மேல் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாம் எங்கள் தெருப் பயல்கள்தான். பாட்டிலும் கஞ்சாவுமாக உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற பெண்பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து பழகிவிட்டோம்.

ஒருநாள் சாயங்காலம் என் மகள் துப்பட்டா கிழிந்து வீட்டுக்கு வந்தாள். பையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவள் அழக்கூட இல்லை. உள்ளே போய் வேறு உடுப்பு மாற்றிவிட்டு, "அம்மா, அப்பாட்ட மட்டும் சொல்லிராத" என்றாள். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர். போனால் வருவதற்கு மாதக்கணக்காகும். நான் சொல்லவில்லை. ஆனால் என் நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்தோ போன் வந்தது.

"படிச்சது போதும். அடுத்த லீவுல வாரேன், மாப்பிள்ளை பாத்து முடிச்சிருவோம். நடுக்கடல்ல கெடந்துக்கிட்டு நான் தெனமும் சாவ முடியாதுளா" என்றார்.  அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அதோடு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தச் சந்து சரியானால் என் மகள் படிப்பாள். இல்லாவிட்டால் அவள் படிப்புக்கு முழுக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ்காரர்கள் எங்கள் பகுதியில் மாதாமாதம் கூட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். தெருவில் என்ன பிரச்சினை என்று ஜனங்களிடமே கேட்டு, சேர்ந்து சரிசெய்யலாம் என்று சொன்னார்கள். கோயில் ஹாலில் கூட்டம். எங்கள் தெருவுக்கென்று ஒரு பெண் ஏட்டையும் போட்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்துக்காரர். ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் பேசினார்கள் பாருங்கள், நாய்த் தொல்லை, எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை என்று ஒன்று பாக்கியில்லை. ஐஸ் கம்பெனி என்ற சொல் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, ஷெட்டில் உட்காருகிற பயல்களுக்குத் தலைவனாக இருந்தவன் பெயரைச் சொல்லி, அவன் பண்ணினதையும் சொன்னேன். ஹால் அப்படியே அடங்கிவிட்டது. இத்தனைக்கும் அவனைப் பற்றி வீட்டுக்கு வீடு திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். எவன் பெயரைச் சொன்னாலும் அவன் யாருக்காவது மச்சான், யாருக்காவது சித்தப்பா மகன்.

புகார் கொடுத்தேன். அன்றைக்கே அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் அவன் அம்மா என் வாசலில் வந்து நின்றாள். மீன் விற்கிறவள். விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, சட்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் குடித்துக் குடித்தே செத்துப்போனவன். இருப்பது இந்த ஒரே மகன். நானும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இடுப்புச் சட்டியைக்கூட அவள் இறக்கி வைக்கவில்லை.

"மதினி, கேஸு விழுந்திச்சுன்னா அவன ஒருத்தனும் வேலைக்கு எடுக்க மாட்டான். குருசடியில வச்சு சத்தியம் பண்ண வைக்கேன். இனிம அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டான். இந்த ஒரு தடவ விட்டுருங்க."

தெருமுக்கில் எங்களுக்கு ஒரு குருசடி உண்டு. சிலுவை வைத்த சின்னக் கோயில். எங்கள் ஆட்களுக்குக் கோர்ட்டைவிட அது பெரிது. அங்கே கைவைத்துச் சொன்ன சொல்லை மீறினவனைக் கடல் சும்மா விடாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். தெருவே திரண்டு வந்து, "அதான் சத்தியம் பண்ணுதாம்லா, பொறவு என்ன?" என்று என்னை நெருக்கியது. ஏட்டம்மா மட்டும், "வாபஸ் வாங்குறது உங்க இஷ்டம்க்கா. நான் சத்தியத்த நம்பி வேல பாக்குறவ இல்ல" என்றார். நானும் இதே தெருவில் பிறந்து வளர்ந்தவள்தானே. வாபஸ் வாங்கிவிட்டேன்.

அவன் மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் சந்து சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். சத்தியம் பண்ணும்போது போதையில் இருந்தானாம், அதனால் அது செல்லாதாம். அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அடுத்து வந்தது கல். என் மகள் சந்தில் நடந்து வரும்போது ஷெட்டிலிருந்து பறந்து வந்து அவள் நெற்றியோரத்தை உரசிக்கொண்டு போனது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். மறுநாள் நானே அவளைக் காலேஜுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். என் வாயாலேயே சொன்னேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் என் நாத்தனார் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசவே ஆரம்பித்துவிட்டாள்.

ஏட்டம்மா தேடி வந்தார். கல் எறிந்ததை யார் பார்த்தது என்று கேட்டார். யார் சொல்வார்கள்? சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பஸ் வர்ற நேரத்துக்கு இந்தச் சந்துல ஆளே இல்ல பாருங்க. அதான் அவங்களுக்கு வசதி. பொம்பளைங்க எல்லாரும் வீட்டு வேலையத் தூக்கிட்டு வந்து இங்க உக்காருங்க. அரிசி பொடைங்க, பூ கட்டுங்க, உங்களுக்குள்ள சண்டகூடப் போடுங்க. ஆனா இங்க இருங்க."

வீடு வீடாக அவரும் நானும் போய்க் கூப்பிட்டோம். ஒருத்திக்கு முட்டுவலி. ஒருத்திக்கு சீரியல். ஒருத்தி மாமியாரைக் கேட்க வேண்டுமாம், அவள் மாமியார் செத்து வருஷம் ஆகிறது! முதல் நாள் சாயங்காலம் சந்தில் இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். ஒன்றில் நான், இன்னொன்றில் சேலை கட்டிக்கொண்டு ஏட்டம்மா. ஷெட்டுக்குள்ளிருந்து கைதட்டலும் விசிலும். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அவள் வந்தாள், அவன் அம்மா. ஒரு கையில் அரிவாள்மனை, இடுப்பில் மீன் சட்டி. ஷெட்டுக்கு நேர் எதிரே, ரோட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்து சாளை மீனைக் கழுவி வெட்ட ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்க்காமலேயே, "சத்தியத்த நம்புங்கன்னு ஒங்களக் கேட்டது நாந்தான மதினி" என்றாள்.

மகன் வெளியே வந்தான். "எம்மா, எந்திரி. வீட்டுக்குப் போ. அசிங்கமா இருக்கு."

"எனக்கும் அசிங்கமாத்தான்ல இருக்கு. அதாம் வந்து உக்காந்துருக்கேன். மதினி மவ இனிம தெனமும் காலேசுக்குப் போவா. அவ பஸ்ஸ வுட்டு எறங்கி வீடு போய்ச் சேர வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

அவன் என்னென்னவோ கத்தினான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அவனோடு இருந்த பயல்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லாரும். அவள் முன்னால் பாட்டிலைத் திறக்க எவனுக்கும் மனசு வரவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். போகப்போகச் சந்தில் உட்கார இடமில்லை. முட்டுவலிக்காரிதான் முதல் ஆளாக இடம்பிடிப்பாள். என் மகள் காலேஜுக்குத் திரும்பப் போனாள். வீட்டுக்காரரும், "சரி, பரீட்சை முடியட்டும்" என்று இறங்கி வந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மற்ற பயல்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இவனைத்தான், இவன் அம்மாவைச் சொல்லியே கேலி பண்ணித் துளைத்தெடுத்திருக்கிறார்கள். ஒருநாள் தனியாக, நிற்க முடியாத போதையில் வந்தான். அந்த நேரம் பார்த்து என் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்துக்குள் வருகிறாள். சுவரில் பாட்டிலை உடைத்து அவளைப் பார்த்து ஓடினான். "ஒன்னாலதாம்ளா எங்கம்மா தெருவுல கெடக்கா!"

நான் எப்படிக் குறுக்கே போய் விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் கீறிவிட்டது, நல்ல ஆழம். அவன் மறுபடி ஓங்கினான். அவன் அம்மா பாய்ந்து அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். உதறினான், மிதித்தான், அவள் விடவில்லை. பிறகு ரத்தத்தைப் பார்த்தானோ என்னவோ, பாட்டிலைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, "எம்மா, எம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். போலீஸ் வரும்வரை அழுதுகொண்டேதான் இருந்தான்.

ஏட்டம்மா எல்லாரையும் பார்த்து, யார் பார்த்தீர்கள் என்று கேட்டார். சந்து நிறையப் பெண்கள். ஒருத்தி அந்தப் பக்கம் திரும்பி இருந்தாளாம். ஒருத்திக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கமாம்.  நான் சொன்னால் மட்டும் போதாதே, பழைய பகை என்று அடித்துப் பேசிவிடுவார்களே.

"நான் பாத்தேன். எழுதிக்கிடுங்க" என்றாள் அவள். மிதிபட்ட உதட்டில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஏட்டம்மாவே ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேன். இன்னிக்கு விட்டா நாளைக்கு எவ மவளையாவது கொன்னுட்டு வந்து நிப்பான். அப்பம் அந்தப் பிள்ளையும் போவும், இவனும் போவான்லா."

கோர்ட்டிலும் வந்து அதையேதான் சொன்னாள். கூண்டில் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குத் தண்டனை ஆனது. பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு சந்தில் ஒரு சத்தம் கிடையாது. அடுத்த கூட்டத்தில் ஏட்டம்மாவுக்குச் சால்வை போட்டார்கள். நம் தெருப் பெண்கள் சாதித்துவிட்டார்கள் என்று ஆளாளுக்கு மைக் பிடித்தார்கள். அதே வாய்கள்தான் வெளியே வந்து, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவளைப் பேசின. அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது அவள் பஸ் ஏறி வேறு ஊர்ப் பக்கம் போய் விற்றுவிட்டு வருகிறாள்.

என் மகள் படித்து முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் நான் அவன் அம்மாவோடு ஜெயிலுக்குத் துணைக்குப் போனேன். மகனைப் பார்க்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மற்றவர்கள் பெயரெல்லாம் கூப்பிட்டு முடிந்தது. கடைசியில் ஒரு காவலர் வந்து, "வர மாட்டேங்கானம்மா" என்றார். அவருக்கே சொல்லச் சங்கடம். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் இதேதான் நடக்கிறது. ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அவன் தன் அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பொறவு எதுக்கு மதினி இம்புட்டுத் தூரம் வாரிய?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் வந்தது அவனுக்குத் தெரியுமுல்லா" என்றாள்.

பஸ் ஏறித் திரும்பினோம். இருட்டத் தொடங்கியதும் அவள் மெதுவாக என் கையைத் தட்டி, "பிள்ளைக்கு இன்னிக்கு எந்த டூட்டி மதினி? வீட்டுக்கு வந்துருப்பாளா?" என்று கேட்டாள். "வந்துருப்பா மதினி" என்றேன்.

எங்கள் சந்தில் இப்போது பெண்பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். என் மகள் பத்திரமாக வீடு வந்து சேரும் ஒவ்வொரு நாளும், இன்னொருத்தியின் பிள்ளை வீட்டுக்கு வராமல் இருப்பதால்தான் இவள் வருகிறாள் என்ற நினைப்பு கூடவே வந்து, என்னை முழுசாகச் சந்தோஷப்பட விடுவதே இல்லை.