தூதுவன் வரும் காட்சி

தெருமுனையில் செருப்புத் தைப்பவர் சொல்யூஷன் டப்பாவைத் திறக்கிறார். மூக்கின் உச்சியைப் பிடிக்கும் அந்தப் பசை வாசனை வந்தால் போதும், நான் ஆம்பூர் பஸ்ஸில் இருக்கிறேன், பக்கத்தில் அவள் இருக்கிறாள்.

ஷூ கம்பெனியில் ஒட்டுகிற பிரிவு அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையும் விரல்களை விட்டுப் போகாது அந்த வாசனை. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தோம், நாற்பதைத் தாண்டிய நானும் முப்பதைத் தாண்டிய அவளும். வேலூரில் ஞாயிறு வகுப்பு. அன்று பழைய கிரேக்க அவல நாடகங்களுக்கான கலைச்சொற்கள். வீழ்ச்சி, திருப்பம், அறிதல். நாடக முரண் என்றால், பார்ப்பவருக்குத் தெரிந்தது மேடையில் நிற்பவருக்குத் தெரியாமல் இருப்பது. சாவை மேடையில் காட்டமாட்டார்கள். தூதுவன் ஒருவன் ஓடிவந்து, யார், எங்கே, எப்படி என்று ஒன்றுவிடாமல் சொல்வான்.

அவள் என் காதோரம் குனிந்தாள். "இன்னாக்கா இவன், மூஞ்சிக்கு நேரா பட்டுனு சொல்றான்? நம்மூரா இருந்தா, 'ராணிம்மா, ராஜா கொஞ்சம் சீரியஸா இருக்காரு, கெளம்பி வாங்க'ன்னு இட்டுக்கினு போயிருப்பான்."

சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைக் கீழே போட்டேன்.

டீ இடைவேளையில் என் போன் அடித்தது. அவள் போனில் சார்ஜ் நிற்காது, அதனால் வகுப்பு நாட்களில் வீட்டில் என் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தாள். பேசியது அவள் கொழுந்தன்.

"அக்கா, அண்ணன் தோல் கம்பெனியில தொட்டி கழுவ எறங்கினாரு. காஸ் அடிச்சிடுச்சி. போய்ட்டாருக்கா." மூச்சு இழுத்தான். "அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. வழியில தாங்காது. சீரியஸ்னு சொல்லி வீட்டுக்கு இட்டாந்துடுங்க."

எதிரே அவள் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியை என் பக்கம் நீட்டினாள்.

"உன் வீட்டுக்காரர்... கம்பெனியில மயங்கிட்டாராம். கொஞ்சம் சீரியஸாம். வீட்டுக்கு வரச் சொல்றாங்க."

சொல்லிவிட்டு, அவள் அலறப் போகிறாள் என்று காத்திருந்தேன். இந்தச் சொல்லின் பொருளை அவளைவிட யார் அறிவார்? சற்று முன்னர்தான் அதை நடித்தே காட்டியிருந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றாள்.

போனைப் பைக்குள் போட்டேன்.

"தெரியல. வீட்டுக்குப் போய் அங்கிருந்து எல்லாரும் போகலாமாம்."

"சரி, சரி. வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். "சுகராத்தான் இருக்கும்க்கா. காலையில ரெண்டு இட்லி வச்சேன், ஒண்ண அப்படியே வச்சிட்டுப் போய்ட்டாரு மனுசன்." பள்ளிகொண்டா தாண்டியதும், "நாளைக்கு லீவு சொல்லணும். ராத்திரிக்கு ஆஸ்பத்திரியில யாரு இருக்கறது? நான்தான் இருக்கணும்" என்றாள். போர்வை எடுக்க வேண்டும், பிளாஸ்க் எடுக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல 'சீரியஸ்' என்ற சொல்லைப் பிடித்திருந்தாள், இரண்டு கையாலும்.

நாடக முரணுக்கு ஒரு வரி விளக்கம் எழுதி வைத்திருந்தேன். பார்ப்பவரின் தோளும் மேடையில் இருப்பவரின் தோளும் வளைவுக்கு வளைவு இடித்துக்கொள்ளும் என்று அந்த வரியில் இல்லை. அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையசைத்தேன். என் கழுத்து தானாக அசைந்தது, அவள் சொன்ன எல்லாவற்றுக்கும்.

ஆம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அவள் தெருவின் முனையில் மினி வேன் ஒன்று குறுக்கே நின்றது. இரண்டு ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள். வீட்டு வாசலில் இருந்த பெண்கள் அவளைக் கண்டுவிட்டார்கள். ஓலம் எழுந்தது.

அவள் அழவில்லை. ஒட்டுப்பசை மணக்கும் விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் அவளோடு காலெடுத்து வைத்தபோது விட்டுவிட்டாள்.

"நீங்க வராதீங்கக்கா. நீங்க கூட வந்தா, அவரு இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காருன்னு எனக்குத் தோணும்."