துடுப்பால் அடித்தவர்

ரொறொன்ரோத் தீவுக்குப் போகும் படகில் அவரைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர். நல்ல வெயிலிலும் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். இளவயதில் பழைய நீராவிப் பயணிகள் கப்பலொன்றில் ஒபிசராக இருந்தாராம்.

“கப்பல் தாழேக்க என்ர உயிர்காப்புப் படகு நிரம்பிப்போச்சு, தம்பி. தண்ணிக்குள்ள கிடந்த சனம் விளிம்பைப் பிடிச்சு இழுத்தது. துடுப்பால அவையின்ர விரலுகளை அடிச்சு முறிச்சன்.”

“மிச்ச ஆக்களைக் காப்பாத்தினீங்கள்தானே, அங்கிள்?”

“ஓம். கரையில அவை எனக்கு மாலை போட்டவை. ஆனா கடைசியா விளிம்பைப் பிடிச்ச பொம்பிளையை நெருக்கி ஏத்த இடமிருந்தது. அடிச்ச கை நிக்கேல்லை. மண்டையிலயும் அடிச்சன்.”

படகு கரை சேர்ந்தது. இறங்கு பலகை ஈரமாக இருந்ததால் அவருக்குக் கை நீட்டினேன். அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தவர், பிடிக்காமல் தனியாகவே தடுமாறி இறங்கிப் போனார். நீட்டிய கையை மடக்க எனக்கு வெகுநேரமாயிற்று.