அம்மாவின் உப்பில்லா விரதம்

ஒரு லீற்றர் கரைசலில் ஒன்பது கிராம் உப்பு. அதன் மூலர்ச் செறிவு என்ன? கண்டி டவுனில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கும் நான், ஒவ்வொரு வருடமும் முதலில் கொடுக்கும் கணக்கு இதுதான். ஒன்பதை உப்பின் மூலர்த் திணிவான ஐம்பத்தெட்டரையால் வகுத்தால் முடிந்தது. அதைக்கூடப் பிள்ளைகள் தலைகீழாக வகுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே கரைசல் ஒருநாள் ஆஸ்பத்திரி வாட்டில் அம்மாவின் தலைக்கு மேலே ஒரு சேலைன் பையில் தொங்கியது.

எல்லாம் என் இடமாற்றத்தால் வந்தது. முன்பு நான் புசல்லாவைப் பக்கம், பஸ்ஸை விட்டிறங்கி மலையேற வேண்டிய ஒரு பாடசாலையில் வேலை செய்தேன். எனக்கு டவுனுக்கு மாற்றம் கிடைக்க வேண்டுமென்று, ஹந்தானையில் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு அம்மா நேர்ந்துகொண்டார். கிடைத்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து பால்குடம் எடுக்கும்வரை அம்மாவுக்கு உப்பில்லாச் சாப்பாடு.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்மா" என்று கேலி செய்தேன்.

"சாமி காரியத்துல வாய் வைக்காத புள்ள."

பிரஷர் குளிசையை மட்டும் அவர் விடவில்லை. அது உடம்பிலுள்ள உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றும் குளிசை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பசியடக்கச் செம்பு செம்பாகத் தண்ணீர் வேறு குடித்தார். ஒரு காலையில் என்னைப் பார்த்து, நான் யாரென்று கேட்டார். அப்புறம் பேச்சே இல்லை. த்ரீவீலில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம்.

"இரத்தத்தில சோடியம் நல்லாக் குறைஞ்சு போச்சுது" என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

"அப்ப செறிவு கூடுன சேலைனா ஏத்துங்க டொக்டர்."

"ஓம், அதுவும் கொஞ்சம் குடுத்தாச்சு. இனிமேல் கெதியா ஏத்தினா மூளையைப் பாதிக்கும் டீச்சர். மெல்ல மெல்லத்தான்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் கொடுமை. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் போகும் என்று கரும்பலகையில் ஒரு சவ்வின் படத்தைக் கீறி நானே படிப்பிக்கிறேன். இப்போது அந்தச் சவ்வுக்கு அந்தப் பக்கம் இருந்தது அம்மாவின் மூளை. ஆய்வுகூடத்தில் குடுவையின் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால், "கொட்டிட்டு முதல்லயிருந்து செய்" என்று பிள்ளைகளை அதட்டுவேன். அம்மாவை எங்கே கொட்டுவது? கட்டிலருகே ஒரு கதிரையில் உட்கார்ந்து, விழுகிற சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா கண் திறந்தார். "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. நேர்ஸ் உப்புப் போட்ட கஞ்சி கொண்டுவந்து தந்தார். முதல் கரண்டியிலேயே அம்மாவின் முகம் சுருங்கியது. துப்பிவிட்டார்.

"உப்புப் போட்டிருக்கு."

"போடாட்டி செத்துருவீங்கம்மா!"

"இன்னும் பால்குடம் எடுக்கல. சாமி குத்தமாயிரும். ஒன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிரும் புள்ள."

வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் அழுதேன். அந்த வாய் திறக்கவே இல்லை. என் வேலைதான் எனக்கு எதிராக நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மேலே தொங்கிய பையைப் பார்த்தார்.

"அது என்னா?"

அரை லீற்றர் பை. அதில் நாலரைக் கிராம் உப்பு. அம்மாவின் விரதம் நேற்றிலிருந்தே சொட்டுச் சொட்டாகக் கை நரம்பு வழியே முறிந்துகொண்டிருந்தது.

"தண்ணிம்மா" என்றேன்.

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதாம்மா."

அம்மா நிம்மதியாகக் கையை நீட்டி வைத்துக்கொண்டார்.