விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் சிவந்த தண்ணீர்

தண்ணீரில் ஃபீனால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் கொல்கத்தாவில் என் பிழைப்பு. சோதனை மருந்துகளை விட்டால் நல்ல தண்ணீர் வெளிர்மஞ்சளாகவே நிற்கும். துளி ஃபீனால் இருந்தாலும் சிவந்துவிடும். பாலிகஞ்சில் பஸ் ஏறி இடிபட்டு வந்து அந்த மஞ்சளைப் பார்த்தால் போதும், எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அன்று கிடர்பூரில் இட்லிக் கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியின் குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. கடைக்குப் பக்கத்தில் ரசாயனப் பீப்பாய்க் கிடங்கு. யாரோ புகார் கொடுக்க, முடிவு தெரியும்வரை கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். அவள் எங்கள் ஆய்வகத்து பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, செவந்துட்டா குழாய்க்கு சீல் வெச்சிருவாங்களாம். அப்புறம் நாங்க எங்க போவோம்?"

"சும்மா இரும்மா! நல்ல வார்த்தையே வாயில வராதா?" என்று அதட்டினேன்.

மருந்தை விட்டேன். சிவந்தது. அடக் கடவுளே! அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த சுத்தத் தண்ணீரைப் பார்த்தேன். அதுவும் சிவப்பு! காய்ச்சி வடித்த தண்ணீர் எப்படிச் சிவக்கும்? இன்னொரு காலிக் குடுவையை எடுத்து மோந்து பார்த்தேன். ஃபினாயில் வாடை.

முந்தின நாள் விஸ்வகர்மா பூஜை. இந்த ஊரில் கருவிகளுக்கெல்லாம் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். அண்ணனைத் தாதா, அக்காவைத் தீதி என்று கூப்பிடுவதும் இங்கே வழக்கம். எங்கள் உதவியாளர் தாதா, பூஜைக்காகத் தரையைத் துடைத்த கையோடு குடுவைகளையும் ஃபினாயில் விட்டுக் கழுவி அடுக்கியிருக்கிறார். அதில் ஃபீனாலுக்கா பஞ்சம்?

"பூஜைன்னா சுத்தம் வேண்டாமா, தீதி?" என்று வங்காளத்தில் பெருமையாகக் கேட்டார்.

"உங்க பக்தியில தீய வைக்க!" என்று தமிழில் திட்டினேன். திட்டு என்பது மட்டும் புரிந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லவேளை, ஃபிரிட்ஜில் அவளுடைய குழாய்த் தண்ணீர் பாதி பாட்டில் மிச்சமிருந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிரிக்காத பெட்டியிலிருந்து புதுக் குடுவைகளை எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். சுத்தத் தண்ணீர் மஞ்சள். அவளுடைய தண்ணீரில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி, துளித்துளியாக எண்ணி மருந்து விட்டேன். இத்தனை வருஷ அனுபவம் எங்கே போனதோ! மஞ்சள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். மஞ்சளேதான்.

"பாரும்மா, உன் தண்ணியில ஒரு குத்தமும் இல்ல."

அவள் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அரிசிய ஊறப்போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.