திசை மாறி நின்ற நூற்றெட்டுப் பெயர்கள்

கேள்விக்காரனுக்கு நான் முப்பத்தைந்தாயிரம் பாக்கி வைத்திருந்தேன். எழுத்து வெட்டிய கூலி. நூற்றெட்டுக் கல் பலகை, பலகைக்கு ஒரு சாமி பெயர். பெயரும் போற்றியுமாக மொத்தம் எண்ணூற்று அறுபத்து நான்கு எழுத்து, எழுத்துக்கு ஐம்பது என்று பேச்சு. முன்பணமாக எட்டாயிரத்து இருநூறு கொடுத்திருந்தேன். மீதிதான் இது. யாருக்கும் கூலி நிறுத்தி வைத்தவன் இல்லை என்று எங்கும் மார்தட்டுகிறவன் நான். இந்த ஒன்றை மறைத்துவிட்டு அவனைப் பற்றி எழுத முடியாது.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கல்லேற்றும் லாரியில் சுமைகூலியாகச் சேர்ந்தேன். இன்று கல் பட்டறை என்னுடையது. அறுப்பு எந்திரம் இரண்டு, வண்டி ஒன்று, ஆட்கள் பதினோரு பேர். எவன் தோளையும் பிடித்து ஏறவில்லை. கையெழுத்துப் போடத் தெரியும், கணக்கு மனசிலேயே ஓடும். படிப்பதுதான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வரும்.

அதே லாரியில் என்னோடு கல் தூக்கியவன் அவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். இரண்டே மாதத்தில் தோள் இறங்கிவிட்டது. "எனக்கு இது ஒத்து வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு, கல்லறைக் கல் வெட்டும் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தான். எழுத்து அவன் கைக்கு எப்படிப் பழகியதோ தெரியாது, அச்சில் வார்த்த மாதிரி விழும். ஆனால் வாய் சும்மா இருக்காது. செத்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு யாராவது வந்தால், "இவருக்கு ஏன் இந்தப் பேரு வச்சாங்க?" என்று கேட்பான். சிலர் திட்டுவார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதுகொண்டே கதை சொல்வார்கள். கடைக்காரருக்கு இரண்டுமே நஷ்டம். ஒருநாள் உளிப்பையைத் தெருவில் வைத்துவிட்டார். அந்தப் பையோடு என் பட்டறைக்கு வந்தவன்தான். கேள்விக்காரன் என்று பெயர் வைத்தது நான். அதற்கு மட்டும் காரணம் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் என்னிடம் இருந்தான். கடைப் பலகை, அடிக்கல், நன்கொடைக் கல், எதுவானாலும் அவன்தான். கல்லில் செங்காவியால் எழுதுவான், தள்ளி நின்று பார்ப்பான், பிறகு உளி. முகத்தில் துணி கட்டச் சொன்னால் கேட்க மாட்டான். துணி கட்டினால் மூச்சுச் சூட்டில் கண்ணாடியில் ஆவி படிகிறதாம், கோடு தெரியவில்லையாம். அந்த இருபத்திரண்டு வருடத் தூசி எங்கே போயிருக்கும்? அவனுக்குள்ளேதான் போயிற்று.

கோவில் வேலை வந்தபோது கூலி பேசினோம். ஒற்றெழுத்துக்கெல்லாம் பாதிதான் என்றேன்.

"தலையில புள்ளி வைக்கிறது கூடுதல் வேலைண்ணே. நியாயமாப் பாத்தா நீதான் கூட்டிக் குடுக்கணும்."

"நீ வெட்டுற புள்ளிக்கு நான் பட்டறைய வித்துத்தான் குடுக்கணும்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, உட்கார வைத்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

கோவில் பூசாரி பெயர்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். இவன் ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தம் தெரியாமல் உளியைத் தொட மாட்டேன் என்று நின்றான்.

"எழுதினத வெட்டுப்பா. அர்த்தத்துக்கு உனக்குக் கூலி கிடையாது" என்றார் பூசாரி.

"கூலி வேணாம் சாமி. தெரியாத ஆளோட பேர வெட்டினா கை கூசுது."

நீலகண்டன் என்ற பெயரில் இரண்டு நாள் நின்றுவிட்டான். விஷத்தைத் தொண்டையில் வைத்திருப்பவர் என்று பூசாரி சொல்லியும் ஆயிற்று. மறுநாள் காலையில் வந்து என்னிடம் சொல்கிறான்: "முழுங்கியிருந்தா அவரு போயிருப்பாரு. துப்பியிருந்தா மத்தவங்க போயிருப்பாங்க. ரெண்டும் செய்யாம அங்கயே வச்சிருக்காரு பாருண்ணே. எவ்ளோ அசதியா இருக்கும்! எல்லாரும் வீரம்னு நெனைக்கிறாங்க. எனக்கு அசதின்னு தோணுது." தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். வேறென்ன சொல்வது?

தான்தோன்றி என்ற பெயர் எனக்குப் பிடித்துப் போயிற்று. யாரும் செய்யாமல் தானாக வந்தவர். "இது என் பேருடா, கொஞ்சம் ஆழமா வெட்டு" என்றேன். "வெட்டுறேண்ணே. ஆனா தானா வந்தவரு எங்கயும் போய்த் தானா வந்தேன்னு சொல்லிக்கல பாரு" என்றான். அன்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

அவன் குடியிருந்தது நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது என்று அவன் மனைவி சொன்னாள். ஆஸ்பத்திரியில் அறை கழுவுகிற வேலை அவளுக்கு. பக்கத்துத் தெருவில் தரையோடு ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். முன்பணம் முப்பத்தைந்தாயிரம். ஒன்றாம் தேதி மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கோவில் வேலை முடிந்ததும் கிடைக்கிற கூலி அப்படியே அந்த அறைக்கு. இதுதான் அவர்கள் கணக்கு.

கடைசிப் பலகை முடிந்ததும் படுத்துவிட்டான். பத்து நாள் வரவில்லை. ஒப்படைக்கிற நாள் நெருங்கியதால் நானே நின்று பலகைகளைப் பதித்தேன். கருவறையின் வெளிச்சுவர் மூன்று பக்கம், பக்கத்துக்கு முப்பத்தாறு. சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, கொக்கியில் மாட்டி, நூல் பிடித்து நிறுத்தினேன். பின்னால் கலவை ஊற்றுவதுதான் பாக்கி. கோவில் திருப்பணிக் குழுத் தலைவர் வந்து பார்த்து, "பிரமாதம்" என்றார்.

இருபத்து நான்காம் தேதி கேள்விக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒரு சுற்று வலம் வந்தான். வந்து படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, திருப்பி வச்சிட்ட."

"எதத் திருப்பி வச்சேன்? எழுத்து நேராத்தானே இருக்கு?"

"எழுத்து நேரா இருக்கு. வரிசை தலைகீழா இருக்கு. நீ புஸ்தகம் மாதிரி இடமிருந்து வலமா வச்சிருக்க. சுத்தி வர்றவங்களுக்குச் சுவரு வலக்கைப் பக்கம், அதப் பாத்தபடி நடந்தா இடப்பக்கமாத்தானே போவாங்க? அவங்களுக்கு நூத்தியெட்டாவது பேரு முதல்ல வருது."

எழுந்து நடந்து பார்த்தேன். சரிதான். நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு தவறு செய்தவனில்லை. அதனாலேயே கோபம் வந்தது.

"யாருடா படிக்கப் போறா? எல்லாரும் தரையப் பாத்துகிட்டுத்தான் சுத்துறாங்க. நாளை மறுநாள் கலவை ஊத்துறேன். நீ கூலிய வாங்கிட்டு வாய மூடிட்டுப் போ."

"வேலை முடியலயேண்ணே. முடியாத வேலைக்கு எப்படிக் கூலி வாங்குறது?"

"மாத்தி வைக்க ஆறு நாளு ஆகும். நாலு ஆளு கூலி. உனக்கு அந்த ரூம் போயிடும். தெரியுதா?"

"தெரியுது" என்றான்.

அன்று அவன் பையில் பணத்தைத் திணித்திருக்கலாம். செய்யவில்லை. கோவிலிலிருந்து எனக்குப் பணம் வராமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை, அது என் சட்டம். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்பதால்தான் இந்தத் தவறு வந்தது என்று அவன் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிட்டான். அது உறைத்தது.

மறுநாள் அவன் மனைவி பட்டறைக்கு வந்தாள். வேலைக்குப் போகிற உடையிலேயே, கையில் பினாயில் வாசனையோடு.

"அண்ணே, அவருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தச் சொல்ல? குடுத்தா வாங்க மாட்டேங்கறான்."

"அவரத் தூக்கிட்டு என்னால ஏற முடியலண்ணே. எனக்கும் வயசாகுது." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அன்று மாலை நான் அந்த நான்கு மாடியையும் ஏறினேன். இரண்டாவது மாடியில் முழங்கால் பேசியது. மூன்றாவதில் படியிலேயே உட்கார்ந்தேன். கதவைத் தட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

"உக்காருண்ணே, உனக்கும் தொண்டையில நிக்குதா?" என்று சிரித்தான். தலையணை மூன்று அடுக்கிச் சாய்ந்திருந்தான். மடியில் பூசாரி எழுதிய தாள்.

"என்னடா அப்படி அந்த வரிசையில?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகள் குறைவு.

தாளை விரல் வைத்துக் காட்டினான். "முதல் பேரு செஞ்சடையன். முடி நிறம். வெளிய நின்னு பாத்தாலே தெரியும். அப்புறம் கழுத்து, கண்ணு, கையில இருக்கிறது. கொஞ்சம் போனா ஆடுறாரு, அழிக்கிறாரு, காப்பாத்துறாரு, செய்யற வேலையெல்லாம். அதுக்கு மேல போனா தாயிலி, தான்தோன்றின்னு இல்லாததச் சொல்ற பேரு. கடைசிப் பேரு சொற்கடந்தான். சொல்லு முடிஞ்சு போச்சு. அது முடியற இடத்துல என்ன இருக்கு?"

யோசித்தேன். "வாசல்."

"வாசலுக்குள்ள?"

"கருவறை. இருட்டு."

"அங்க எழுத்து வெட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அதாண்ணே. பேரு ஒண்ணொண்ணா கழண்டு, ஒண்ணுமில்லாம உள்ள பாக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. நீ வச்சிருக்கிறது உள்ளயிருந்து வெளிய தள்ளுது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் சாமியார் இல்லண்ணே. ரூம் வேணும். இந்தப் படிய நினைச்சாலே பயமா இருக்கு. ஆனா அது தப்பா நிக்குதுன்னு தெரிஞ்சுகிட்டு அந்த ரூம்ல போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

மறுநாள் காலை ஆட்கள் கலவை குழைக்கத் தொடங்கினார்கள். "நிறுத்துங்கடா" என்று சொல்லிவிட்டு நான் ஒருவனாக வலம் வந்தேன், ஒவ்வொரு பலகையிலும் எழுத்துக் கூட்டி. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடக்கத்திலேயே சொல்லுக்கு எட்டாதவர் என்று வந்தது, ஒன்றும் புரியவில்லை. கால் கடுக்க நடந்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முடியின் நிறத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"கழட்டுங்க" என்றேன்.

தலைவரிடம் போய், தவறு என்னுடையது, ஒப்படைக்க ஆறு நாள் தள்ளும், கூலி என் கைக்காசு என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமென்று நானே நினைத்ததில்லை. நூற்றெட்டையும் இறக்கி, எண் போட்டு, வரிசையை இடப்பக்கமாகத் திருப்பி மாட்டினோம். இரண்டு பலகை முனை உடைந்தது, வேறு கல் அறுத்தேன். கேள்விக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த இரண்டையும் வெட்டினான். அதற்குக் கூலி கேட்கவில்லை, நானும் பேசவில்லை. உடம்பெல்லாம் ஒரே அசதி. எனக்கு அறுபத்தெட்டு வயது என்பது அந்த ஆறு நாளில்தான் தெரிந்தது.

ஒன்றாம் தேதி காலை பதினொன்றரைக்குக் கடைசிப் பலகை கொக்கியில் விழுந்தது. அவன் மனைவி பாதி வேலையில் சொல்லிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். கோவிலிலிருந்து எனக்கு இன்னும் ஒரு காசு வரவில்லை. பட்டறைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த கட்டைப் பிரித்தேன்.

"இப்பவாவது வாங்குவியாடா?"

"முடிஞ்சு போச்சே, வாங்காம? அவ கையில குடுண்ணே."

அவள் இடுப்புத் துணியில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். தண்ணீரில் ஊறி ஊறி ரேகையெல்லாம் வெளுத்த கை. ஐந்நூறு நோட்டாக ஒவ்வொன்றாக வைத்தேன். அவளும் உதட்டுக்குள் எண்ணினாள். நாற்பதில் நான் தப்ப, "நாப்பத்தொண்ணுண்ணே" என்று திருத்தினாள். எழுபதாவது நோட்டை வைத்ததும் விரல்களை மடக்கிக்கொண்டாள்.