இடது பக்கம் சத்தம் கம்மி

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூரியர் ஆள் நின்றிருந்தார். என் மகள் ஜென்சி வாங்கிய ஹெட்போனைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர். வரச் சொன்னது நான்தான். ஜென்சி அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

முதலில் அந்த ஹெட்போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது சாதாரண ஹெட்போன் இல்லையாம். ‘பிளேனர்’ ஹெட்போனாம். உள்ளே ஸ்பீக்கர் கூம்புக்குப் பதிலாகக் காந்தங்களுக்கு நடுவே மெல்லிய படலம் ஒன்று துடிக்குமாம். ஒயர் கிடையாது. பாட்டு கேட்கலாம், கம்ப்யூட்டரில் கேமும் ஆடலாம். கனமோ... தலையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு தேங்காய் மூடியைக் கட்டிவிட்டது போல இருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஜென்சி ஒரு வாரம் யூடியூபில் பாடம் படித்தாள். அதில் பேசும் மேதாவிகளை நானும் பார்த்தேன். ஒருவர் சத்தத்தில் அகலம் இருக்கிறது என்கிறார். இன்னொருவர் காற்றோட்டம் இருக்கிறது என்கிறார். ஹெட்போன் பார்க்கிறார்களா, வாடகைக்கு வீடு பார்க்கிறார்களா? குண்டூசி விழுந்தால்கூட இவர்கள் காதில் கேட்குமாம். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

ஜென்சிக்கு எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை. அங்கே நான்கு பேர் சேர்ந்து துப்பாக்கி கேம் ஆடுகிற டீம் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டி. எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பது காலடிச் சத்தத்தில்தான் தெரியுமாம். அதற்காகவே ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். தனக்கென்று அவள் இப்படி எதையும் வாங்கியதில்லை.

நான் சும்மா இருப்பேனா? திருவொற்றியூரில், இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டர். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவன்!

மாட்டினேன். பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். வலது பக்கம் வயலின் கணீரென்று வந்தது. இடது பக்கம் தபேலா, நாலு வீடு தள்ளி யாரோ வாசிப்பது மாதிரி இருந்தது. அடுத்து கேம். மூன்று தடவை ஆடினேன், மூன்று தடவையும் எவனோ இடது பக்கமாக வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போனான். காலடிச் சத்தமாவது, மண்ணாவது!

“இடது பக்கம் சத்தம் கம்மி. டிபெக்ட் பீஸ்” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாரி தான் டாடி கேக்குது” என்றாள் ஜென்சி.

“உனக்கு இன்னா தெரியும்? நல்லா தலையில மொளகா அரைச்சி அனுப்பிகீறான். நீயும் பல்லைக் காட்டினு வாங்கி மாட்டிகினே.”

அவள் போனை வாங்கி நானே ரிட்டர்ன் போட்டேன். அப்படி வந்தவர்தான் வாசலில் நின்ற கூரியர் ஆள். மறுநாள் போட்டி, வேறு ஹெட்போனுக்கு வழியில்லை. அது தெரிந்தும்தான் செய்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு சேவியர் வந்தான். காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். போட் துறைமுகத்துக்குள் நுழையும்போதே, எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ராயபுரத்தில் அவன் காதை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில், ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் தலையில் மாட்டிவிட்டேன்.

அதே பழைய பாட்டை முழுதாகக் கேட்டான். “ரெண்டும் ஒரே மாரி தான் கீது மாமு.”

“நல்லா கேளுடா. லெஃப்டு கம்மி.”

அவன் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தை மாற்றி என் தலையில் வைத்தான். இடது மூடி வலது காதில், வலது மூடி இடது காதில். “இப்ப எந்தப் பக்கம் கம்மி?”

இப்போது தபேலா வலது காதில் கணீரென்று கேட்டது. வயலின் நாலு வீடு தள்ளிப் போயிருந்தது.

சத்தம் கம்மியாக இருந்தது ஹெட்போனில் இல்லை.

கம்பெனியில் சுத்தியல் மெஷின் எனக்கு இடது பக்கம்தான் நின்றது. காதில் வைக்கப் பஞ்சு மாதிரி அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம், சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் காதில் சொருகுவோம். சுத்தியல் விழும் சத்தத்தை வைத்தே பீஸ் சரியாக அடிபட்டதா என்று சொல்லிவிடலாம் என்பது எங்கள் கெத்து. அடைப்பானோடு வேலை செய்கிறவனை ‘பூக்கட்டும் பொண்ணு’ என்று கிண்டலடிப்போம். அதிகம் கிண்டலடித்தவன் நான். யூடியூப் மேதாவிகளைவிடப் பெரிய மேதாவி!

வெட்கமாக இருந்தது. கூரியர் ஆளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். ஜென்சியிடமும் கேட்டேன். “விடு டாடி” என்றாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் டீம் இரண்டாவது சுற்றில் தோற்றது. “நான் தான் சரியா ஆடலை” என்றாள். ஹெட்போனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்பனைவிட நல்ல இன்ஸ்பெக்டர்.

திங்கட்கிழமை காது டாக்டர். போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது என் மனைவி ஃபிலோ எனக்கு வலது பக்கமாக நடந்து வந்தாள். அப்போதுதான் உறைத்தது. கோயிலில், பஸ்ஸில், சாப்பிட உட்கார்ந்தால்... எங்கேயும் அவள் வலது பக்கம்தான்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“ஜென்சி எட்டு வயசுல சர்ச்சுல புதுநன்மை வாங்குச்சே, அந்த வருஷத்துலேர்ந்து.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“சொன்னேனே. லெஃப்டு சைடுல நின்னுகினு சொல்ட்டேன் போல கீது.”